மயில் நீலத்தில் ஒரு கேட்

முதல் சொட்டு விழுந்தபோது மழை என்றுதான் அன்பரசன் நினைத்தான். அண்ணாந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது... வெள்ளைச் சட்டையின் தோளில் விழுந்தது மயில் நீலம்.

கேட் தூணில் சாய்த்த ஏணியின் மேல் ஒரு பெண். கையில் பிரஷ், கன்னத்தில் ஒரு நீலத் தீற்றல். அந்தக் கண்கள்... இப்போது கொட்டுமோ, அப்புறம் கொட்டுமோ என்று பயமுறுத்தும் மேகம் மாதிரி.

"கீழ ஆள் நிக்கறத பாக்க மாட்டீங்களா?"

"மேல ஆள் வேலை செய்யறத நீங்க பாத்திருக்கலாமே."

வந்த காரியமே மறந்துவிடும் போலிருந்தது. "நான் அன்பரசன். எதிர் வரிசைல நாலாவது வீடு. குடியிருப்போர் சங்கச் செயலாளர். நம்ம நகர்ல கேட், முன்பக்கம் எல்லாம் சந்தனக் கலர்தாங்க அடிக்கணும். மனை வாங்கும்போதே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"எங்க வீடு, எங்க பெயிண்ட். உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாதான் இருக்கு..." எது நல்லாயிருக்கு, நீலமா? அவனுக்கே காது சூடானது. "ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள மாத்திடுங்க."

ஏணியில் நின்ற த்ரிசலா பிரஷை மறுபடி நீலத்தில் தோய்த்தாள். காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். அப்பா சாந்திகுமாருக்குப் பார்வை கம்மியாகிக்கொண்டே வருகிறது. வேங்கிக்காலில் புதிதாக வந்த இந்தக் கிரிவாசல் நகரின் அறுபது வீடுகளும் அவருக்கு ஒரே சந்தன மங்கல். அழுத்தமான நிறம் மட்டும்தான் கண்ணில் நிற்கும். தினமும் தனியாக நடந்துபோய்த் தனியாகத் திரும்பும் அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்கென்று மிச்சம். 'யார்கிட்டயும் சொல்லாதம்மா, பாவம்னு பாப்பாங்க' என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

அதனால் வெள்ளிக்கிழமை, வீம்போடு, சந்தன நிறத்தையே திரும்ப அடித்தாள்.

அன்று சாயங்காலம் மேகம் மூடிச் சீக்கிரமே இருட்டியது. வெங்காயம் சேர்க்காத ஜைனக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்த அப்பா, வீடு வந்து சேரவில்லை.

குடையை மறந்து ஓடினாள். எதிர் வரிசையில், திறந்திருந்த ஒரு கதவுக்குள்ளிருந்து அப்பாவின் குரல்.

"த்ரிசலா, என்னம்மா இது... சாம்பார்ல வெங்காய வாசனை அடிக்குது?"

சாப்பாட்டு மேஜையில் அப்பா. பக்கத்தில், கரண்டியும் கையுமாக, திகைத்துப்போய் அன்பரசன்.

"நேரா உள்ள வந்து கை கழுவிட்டு உக்காந்துட்டாரு. பசியா இருக்குன்னாரு... என்ன சொல்றதுனு தெரியாம பரிமாறிட்டேன்." அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் தணிந்தது. "இதுக்காகத்தான் நீலமா? சொல்லியிருக்கலாமேங்க. நீலமே அடிங்க, சங்கத்துல நான் பேசிக்கறேன்."

அப்பா தலை குனிந்து எழுந்தார். அது போதும் அவளுக்கு.

"பாவம் பாத்து எங்களுக்கு எதுவும் செய்ய வேணாம்."

அவள் கன்னத்தில் வழிந்தது மழையா, வேறா... அவனுக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை மறுபடி நீலம் அடித்தாள். சங்கம் என்ன செய்யுமோ செய்யட்டும். கோபம்தான் இது, வேறென்ன? கோபம் என்றால்... அந்தக் கரண்டி பிடித்த கை எதற்கு நினைவுக்கு வருகிறது?

ஞாயிறு சாயங்காலம் அப்பாவை மறுபடி காணோம். வெளியே வந்தவள் அப்படியே நின்றாள்.

எதிர் வரிசை, நாலாவது வீடு. கேட் மயில் நீலம். ஈரம்கூடக் காயவில்லை.

உள்ளே அப்பா உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்பரசனைக் கண்ணால் வாசலுக்கு அழைத்தாள்.

"என்னங்க இது?"

"நீங்கதான் பாவம் பாக்க வேணாம்னீங்க. செயலாளரே விதிய மீறிட்டா அப்புறம் உங்கள யாரு கேக்கறது? மதியம் கூட்டத்துல ஒரே சண்டை. கடைசில, கேட் மட்டும் அவங்கவங்க இஷ்டம்னு தீர்மானம் போட்டாச்சு."

"எல்லாம் சரி. அதே நீலத்த அடிச்சா எங்கப்பா எந்த வீட்டுக்குப் போவாரு?"

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அத யோசிக்கல." கேட்டைத் திரும்பிப் பார்த்தான். "இல்ல... யோசிச்சேனோ என்னவோ. அவரு தப்பா வந்தா நீங்க தேடிட்டு வருவீங்கல்ல? சட்டைல நீலம் விழுந்த புதன்கிழமைலேந்து எனக்கு எதுவுமே புரியலங்க. புரிஞ்சது ஒண்ணுதான். உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

தூறல் ஆரம்பித்திருந்தது. அவள் ஈரக் கேட்டில் கை வைத்தபோதே உள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ரெண்டு பேரும் வந்து சாப்பிடுங்க, பொழுது சாயுது. வெங்காயம் போடாமதான் செஞ்சிருக்காரு."

"அப்பா, இது நம்ம வீடு இல்லப்பா."

"தெரியும்மா. நம்ம கேட் நேத்தே காஞ்சிடுச்சு. இதுல இன்னும் பெயிண்ட் வாசனை போகல. கண்ணுதானே கம்மி, மூக்கு நல்லாதான் இருக்கு."

அன்பரசன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்த மேகக் கண்களில் முதல் முறையாக ஒரு வெளிச்சம்.

"நாளைக்கே இந்த நீலத்த மாத்திடுங்க. சிவப்பு அடிங்க," என்றாள்.

"அப்புறம் நீங்க இங்க வர வேண்டிய வேலையே இருக்காதே..."

ஈரக் கேட்டில் பட்டு நீலமாகியிருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா தெரிஞ்சேதான் வந்திருக்காரு. நானும்... இனிமே தெரிஞ்சேதான் வருவேன்."