ஐம்பத்திரண்டு கிலோ அபாயம்!

"கொலை...! என் பொண்டாட்டியைக் கொல்லப் பாத்துட்டாங்க!"

புற்றுநோய் வார்டின் வராந்தாவே அதிர்ந்தது.

மருந்து கலக்கும் அறையிலிருந்து வெளியே வந்தாள் சொட்டு மேடம். அளவில் ஒரு சொட்டு கூடவும் விடமாட்டாள், குறையவும் விடமாட்டாள். அதனால் மருத்துவமனை வைத்த பெயர்.

வாசலில் இன்ஸ்பெக்டர். பக்கத்தில், பில் கத்தையோடு நோயாளியின் கணவர்.

"மூணு மாசத்துல மூணு தடவை எமர்ஜென்ஸி சார்! வாய் முழுக்கப் புண்ணு... அனலாக் கொதிக்கிற ஜுரம்... மருந்துக்கு ஆன செலவைவிட, அது பண்ற கூத்தை அடக்க மூணு மடங்கு!"

இன்ஸ்பெக்டர் அவளை முறைத்தார்.

"ரத்தத்துல மருந்து அளவுக்கு மேல இருக்குன்னு ரிப்போர்ட். கலக்குறது நீங்க ஒருத்தர்தானே?"

"ஆமா."

"அப்போ கிளம்புங்க, ஸ்டேஷனுக்கு!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு வருட வேலை! ஒரே நிமிடத்தில் கொலைகாரியா?

"சார்! ஆளோட எடைக்குத் தகுந்த மாதிரிதான் மருந்து. இவங்க ஐம்பத்திரண்டு கிலோ. அதுக்கு உண்டானதைத்தான் கலந்தேன். மிச்சத்தை அளந்து பாருங்க... கேமராவைப் பாருங்க!"

"பாத்தாச்சு. எல்லாம் சரியா இருக்கு. ஆனா ரத்தம் பொய் சொல்லாதே?"

"நானும் சொல்லல!" கத்தியேவிட்டாள். சட்டென்று நின்றாள். "அப்போ... பொய் சொல்றது அந்த ஐம்பத்திரண்டுதான்!"

வார்டுக்குள் ஓடினாள். மற்றவர்கள் பின்னால்.

கட்டிலில் நோயாளி. எலும்பும் தோலுமாக, மருத்துவமனை அங்கியில்.

"சிஸ்டர், எடை எப்படிப் பாத்தீங்க?"

"பாவம், குளிருதுன்னு நடுங்குவாங்க மேடம். கோட்டோடயே நிக்க வச்சேன். இந்தத் தடவை ஸ்ட்ரெச்சர்ல வந்ததால பழைய எடையையே எழுதிட்டேன்..."

தலையில் அடித்துக்கொண்டாள் சொட்டு மேடம்.

"இப்போ நிக்க வைங்க!"

நாற்பத்தைந்து!

நாற்காலியில் கிடந்த நீளக் கோட்டைத் தூக்கினாள். கனத்தில் மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. கத்தரியால் ஓரத்தைக் கிழித்தாள்.

டங்... டங்... டங்...!

தரையெங்கும் ஈயத் துண்டுகள்! ஜன்னல் திரை பறக்காமல் இருக்க அடியில் வைத்துத் தைப்பார்களே, அதே துண்டுகள்.

கணவரின் முகம் வெளிறியது.

"இது... உன் தையலாச்சே!"

முப்பது வருடமாகத் திரை தைப்பவள் தலையைக் குனிந்தாள்.

"எடை குறைஞ்சா மருந்தைக் குறைப்போம்னு டாக்டர் சொன்னார். குறைச்சா... நம்மளைக் கைவிட்டுட்டாங்கன்னுதானே அர்த்தம்? பயந்துட்டேன். ஒவ்வொரு தடவையும் நாலு துண்டு கூட வச்சுத் தச்சேன்..."

"குறைக்கிறதுதாம்மா உங்களுக்குச் சரியான அளவு!" சொட்டு மேடத்துக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்தது. "குறைச்சிருந்தா இந்தப் புண்ணு இல்ல, ஜுரம் இல்ல, அந்த பில் கத்தையும் இல்ல! நான் மில்லி மில்லியா அளந்து கொடுத்ததெல்லாம் இந்த ஈயத்துக்கா?"

திட்டிக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"கொல்லப் பாத்ததும் நீங்க. சாகப் பாத்ததும் நீங்க. நான் யாரைம்மா கைது பண்றது?"

புண்ணான உதட்டோடு அவள் சிரித்தாள்.

"அந்தக் கோட்டைப் பண்ணுங்க சார்... ஆனா ரெண்டு கான்ஸ்டபிளா வரச் சொல்லுங்க. ஏழு கிலோ!"