மூன்றாவது சர்வர் எப்படிச் செத்தது?

ஹர்ஷிணியின் ஃபோன் ஒலித்தது.

"அம்மணி, மூணாவது சர்வர் செத்துக் கெடக்குது. போலீஸ் வந்திருக்குது. சீக்கிரம் வா."

பேசியது முதலாளி தம்பிதுரை. சரவணம்பட்டியில் அவருடைய நூற்பாலையின் தலைமை அலுவலகம். அங்கே சர்வர்களைக் கவனித்துக்கொள்பவள் அவள்.

போனாள்.

பிணம் அலமாரியில் இருந்தது... ஒரு விளக்கும் எரியவில்லை.

எதிரே இன்ஸ்பெக்டர் கதிரேசன்.

"அன்னூர் குடோன்ல பஞ்சு பேல் திருட்டுப் போயிருக்குது. கேமரா பதிவெல்லாம் இதுலதான் இருந்துச்சாமா. எப்படிம்மா செத்துச்சு?"

"ஃபர்ம்வேருங்க சார். சர்வர் கண்ணு முழிச்சதும் மொதல்ல படிக்கிற புரோகிராம். அப்டேட்டுன்னு யாரோ தப்பான ஃபைலைப் போட்டிருக்காங்க. பதிவைத் தொறக்கற சாவியும் இதோடயே போச்சுங்க."

"எப்படிப் போடுவாங்க?"

"ரெண்டு வழிங்க. ஒக்காந்த எடத்துலிருந்தே நெட்வொர்க்ல அனுப்பலாம். இல்லீன்னா இங்க வந்து பென் டிரைவைச் சொருகோணும்."

"நெட்வொர்க் பாஸ்வேர்டு?"

"இவகிட்ட மட்டுந்தானுங்க," என்றார் தம்பிதுரை, வருத்தமாக. "போன வாரம் மீட்டிங்ல ரெண்டு வழியையும் வெளக்கி, நெட்வொர்க்தான் நல்லதுன்னு சொன்னதே இவதான். பாவம், நல்ல புள்ள."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார்.

கையில் விலங்கு இல்லை. பார்வையில் இருந்தது.

ஹர்ஷிணி சர்வர்கள் பக்கம் திரும்பினாள். நெட்வொர்க் என்றால் அவள் ஜெயிலுக்கு. பென் டிரைவ் என்றால் வேறு யாரோ...

குனிந்தாள்.

போன மாதம் ஆயுத பூஜை. அவள் கெஞ்சியும் கேட்காமல், ஒவ்வொரு சர்வரிலும் பென் டிரைவ் துளை மேலேயே சந்தனம் அப்பிப் பொட்டு வைத்திருந்தார்கள். அது காய்ந்து, வெடித்து, துளையை அடைத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவதில் மட்டும் வெடிப்பு இல்லை.

"சார், இதை மோந்து பாருங்க."

மோந்தார். "வாசமா இருக்குதே."

"மத்ததெல்லாம் பூஜைக்கு வெச்சதுங்க. இதுல ஈரமே காயலீங்க. பழசைச் சொரண்டி, பென் டிரைவைச் சொருகிப்போட்டு, திரும்பப் புதுசா வெச்சிருக்காங்க."

கதிரேசன் சிரித்தார்.

"கிறுக்குப் பய. வந்த வேலையைப் பார்த்தமா, போனமான்னு இல்லாம, பொட்டு வெச்சு மாட்டிக்கிட்டானே."

"அதெப்படீங்க?" தம்பிதுரைக்குச் சுருக்கென்றது. "சாமி கும்பிட்டு வெச்சதை அழிச்சுப்போட்டு, மொட்டையா உட்டுட்டு வர எனக்கு மனசு வருமுங்களா?"

ஏ.சி. மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

கதிரேசனின் சிரிப்பு நின்றது.

"வராதுதானுங்க," என்றார் கதிரேசன் மெதுவாக. "பேலெல்லாம் எங்கீங்க?"

தம்பிதுரை தரையைப் பார்த்தார்.

"பவானியில... மச்சினன் குடோன்ல. இன்சூரன்ஸ் வந்ததும் வித்துப்போடலாம்னு..."

"கெளம்பலாங்களா?"

தம்பிதுரை வாட்ச்சைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க. ராகு காலம் முடிஞ்சுரட்டும்."

"சும்மா வாங்க. எங்க ஜீப்புல பின்னாடி ஏறுறவங்களுக்கு எந்நேரமும் அதுதானுங்க."