ஆளுக்குப் பத்து அடி காற்று

ராஜபாளையத்தில் அந்தத் தெருவில் மோட்டார் சைக்கிள் இருந்த வீடு ஒன்றே ஒன்றுதான். அது ஏசம்மாளின் வீடு. அவளுக்கு அதனால் ஏகப்பட்ட பெருமை இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. ஒரு வாரமாக அந்த வண்டியைப் பார்த்தாலே அவளுக்குப் பயம்தான் வந்தது.

ஏசம்மாளுக்கு வயது பத்து. அவளுடைய அம்மா அன்னாள் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற நர்ஸ். அப்பா தேவஇரக்கம் அங்கேயே கம்பவுண்டர். பிள்ளைவலி என்று எந்த ஊரிலிருந்து ஆள் வந்தாலும் அப்பா வண்டியை எடுப்பார். அம்மா மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவாள். செட்டியார்பட்டியா, ஸ்ரீவில்லிபுத்தூரா, அதற்கும் அப்பாலா, எங்கே என்றாலும் போய்விடுவார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில், கண்மாய்க்கரைத் திருப்பத்தில் வண்டி சறுக்கிவிட்டது. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், மருந்துப் பை ஒரு பக்கம். நல்ல வேளையாகப் பெரிய அடி இல்லை. அம்மாவின் முழங்கையில் மட்டும் தோல் வழன்றுவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஷெட்டில் ஹயக்ரீவன் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். அவர் அன்று, பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடும் ஒரு கரி பஸ்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கரியோடு எட்டிப் பார்த்து, பின் டயர் நடுவில் மழுமழு என்று தேய்ந்துவிட்டது, உள்ளே இருக்கிற துணி தெரிகிற அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, மறுபடி பஸ்ஸுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

புது டயர் வாங்கிப் போட வேண்டியதுதானே என்பீர்கள். அது உலக யுத்தம் நடந்த காலம். ரப்பரெல்லாம் யுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு டயருக்கு மனு எழுதிப் போட்டால், கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியவே ஆறு மாதம் ஆகும்.

அதுவரைக்கும் அந்த ஒரு டயரை நம்பித்தான் அம்மாவும் அப்பாவும் போய்வர வேண்டும். ஏசம்மாளுக்கு இருப்பது அந்த இரண்டு பேர்தான். வண்டி கிளம்பிப் போகும் ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சோறு இறங்காது. பள்ளிக்கூடத்தில் இருந்தாலும் காது ரோட்டில்தான் இருக்கும்.

தினமும் அவள் வண்டியின் பின்னால் குத்தவைத்து அந்த டயரைப் பார்ப்பாள். ஒன்று அவளுக்கு விளங்கவே இல்லை. டயரின் நடுவில்தான் மழுமழுவென்று இருந்தது. இரண்டு ஓரத்திலும் ரப்பரில் வெட்டியிருந்த பூவேலை அப்படியே புதிது மாதிரி இருந்தது. தேய்கிறதென்றால் எல்லாம் சேர்ந்துதானே தேய வேண்டும்?

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, தெருப் புழுதியில் பஸ் போன தடம் கிடந்தது. பாய் விரித்த மாதிரி அகலமாக, டயரின் பூவேலை ஓரம் வரைக்கும் பதிந்திருந்தது. அதன் பக்கத்திலேயே அப்பாவின் வண்டி போன தடம். முன் சக்கரம் தெருவோரம் ஒதுங்கிப் போன இடத்தில் அதன் தடமும் அகலமாகத்தான் இருந்தது. பின் சக்கரத்தின் தடமோ இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடு. அவ்வளவுதான்.

ஏசம்மாள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். அப்படியானால் அந்த ஓரங்கள் தரையைத் தொடவே இல்லை. அவளுடைய வகுப்பில் ஒரு பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்தால், நடுவில் இருக்கிறவள் ஒருத்தி கணக்குப் போடுவாள். ஓரத்து இரண்டு பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். இந்த டயரிலும் அதே கதைதான் நடக்கிறது.

ஏன் தொடவில்லை? டயர் நடுவில் உப்பிக்கொண்டு நிற்கிறது. ஏன் உப்புகிறது? அதை நினைத்ததும் அவளுக்குத் திக்கென்றது.

மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. ஆனால் உதவியை வாங்கிக்கொண்டு சும்மா போகிறவர்களா நம் ஊர்க்காரர்கள்? அம்மா கையால் பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் வந்தால், நன்றிக்கு அடையாளமாக, வாசலில் கிடக்கும் கைப்பம்பை எடுத்து வண்டிக்குப் பத்து அடி காற்று அடித்துவிட்டுத்தான் போவார்கள். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வண்டியின் முன் சக்கரம் சுவரோடு ஒட்டி நிற்கும். கைக்கு எட்டுவது பின் சக்கரம்தான். அதனால் அம்புட்டுக் காற்றும் அதற்கே போனது.

எல்லோரும் வண்டி மாடு வைத்திருக்கிறவர்கள். இரும்புப் பட்டை போட்ட சக்கரம்தான் அவர்களுக்குத் தெரியும். சக்கரம் என்றால் கல் மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அப்பாவும் அதே கட்சிதான். டயரை விரலால் தட்டிப் பார்த்து, கெட்டியாக இருந்தால் ஒரு தலையாட்டு ஆட்டுவார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, பின் டயரில் காற்று அதிகம் என்று அவள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அப்பா சிரித்துவிட்டார். காற்றுக் குறைந்தால் டயர் சக்கரத்தை விட்டே கழன்று வந்துவிடும், தெரியுமா என்று கேட்டார். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்தா? ஏசம்மாளுக்கு இப்போது பயம் இரண்டாகிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு வன்னியம்பட்டியிலிருந்து சமுத்திரம் என்கிறவர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவருடைய தங்கை வெள்ளத்தாய்க்கு நேற்றிலிருந்து வலி, இன்னும் பிள்ளை பிறக்கவில்லை. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா பையை எடுத்தாள். பக்கத்து வீட்டுத் தவசிமுத்து மாமா ஓடி வந்தார். ஆள் மலை மாதிரி இருப்பார். நாலு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மகன் அம்மா கையில்தான் பிறந்தான். மற்றவர்கள் பத்து அடி அடித்தால் அவர் இருபது அடிப்பார். வந்ததும் வராததுமாகப் பம்பைத் தூக்கினார்.

ஏசம்மாள் போய் வால்வைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம் மாமா. அடிக்காதிய."

எல்லோரும் திகைத்துப் போனார்கள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, நேரங்காலம் தெரியாம என்ன இது? கையை எடு."

அவள் கையை எடுக்கவில்லை. பாவாடை முடிச்சில் ஒரு சாக்பீஸ் துண்டு இருந்தது, பாண்டி விளையாடக் கட்டம் போட என்று டீச்சரிடம் வாங்கி வைத்திருந்தது. அதை எடுத்து டயரின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பட்டையாக ஒரு கோடு இழுத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஏறி உக்காருங்கப்பா. மாமா பத்தடி தூரம் தள்ளட்டும். பொறவு பாருங்க. நான் சொல்றது தப்புன்னா எம்புட்டு வேணாலும் அடிச்சுக்கலாம்."

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா பையோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். முழங்கையில் கட்டுப் போட்டிருந்தவள் அவள்தானே. "சோடாப் புட்டி திறக்குற நேரம்தான் ஆகும். பாத்துருவோம்," என்றாள்.

தவசிமுத்து மாமா தள்ளினார். வண்டி பத்தடி உருண்டு நின்றது. ஏசம்மாள் குனிந்து பார்த்தாள். கோட்டின் நடுவில் மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தது. இரண்டு ஓரத்திலும் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது.

அப்பா இறங்கி வந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார். தன் கையாலேயே வால்வை அழுத்திக் கொஞ்சம் காற்றை விட்டார். மறுபடி கோடு, மறுபடி பத்தடி. இப்போது நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு அழிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் காற்றை விட்டார்கள். மூன்றாவது முறை ஓரங்களில் இருந்த வெள்ளையும் லேசாக மங்கியது.

"போதும்ப்பா, நிறுத்துங்க," என்றாள் ஏசம்மாள். அதற்கு மேல் விடத் தைரியம் இல்லை.

டயர் அடியில் கொஞ்சம் பிதுங்கினாற்போல இருந்தது. அப்பா விரலால் அழுத்திப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஆனால் வெள்ளத்தாய் அங்கே துடித்துக்கொண்டிருக்கிறாள். வண்டி கிளம்பிவிட்டது. சமுத்திரம் சைக்கிளில் பின்னால் போனார்.

இனிமேல்தான் ஏசம்மாளுக்கு நெருப்பு மேல் நிற்பது மாதிரி ஆகிவிட்டது. இத்தனை நாள் டயருக்காகப் பயந்தாள். இன்றைக்கு அந்த டயரில் இருப்பது அவள் சொன்ன காற்று. ஏதாவது ஆனால்? டயர் கழன்று அம்மா மறுபடி விழுந்தால்? அம்மா போய்ச் சேராமல் வெள்ளத்தாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால்? அம்மா அடுப்பில் வைத்துவிட்டுப் போன சோளச்சோறு ஆறிப்போனது. அவள் தொடவில்லை.

தவசிமுத்து மாமா இன்னும் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவ்வளவு பெரிய ஆள், அடி வாங்கின பிள்ளை மாதிரி நின்றார்.

"நாங்க கெடுதல் நெனச்சா அடிச்சோம்? உங்கம்மாவுக்கு எங்களால வேற என்ன செய்ய முடியும், சொல்லு," என்றார்.

ஏசம்மாளுக்குத் தன் பயத்துக்கு நடுவிலும் பாவமாக இருந்தது. அவரை மாதிரி எத்தனை பேர். நாளைக்கு எல்லோரிடமும் பம்பைத் தொடாதே என்றால், வாசல் பக்கமே வரக் கூசுவார்கள். அவள் செத்த நேரம் யோசித்தாள்.

"மாமா, காத்து அடிக்க ஒரு ஆள் போதும். ஆனா ரோட்டுல இருக்குற பொடிக்கல்லும் கருவேல முள்ளும் டயருக்குள்ள போய் ஏறிக்கிருதே, அதை யாரு எடுப்பா? அப்பாவுக்குக் கிட்டத்துல பொடிசா இருக்குறது கண்ணுக்குத் தெரியாது. நீங்க எடுத்துத் தாரியளா?"

மாமா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முள் எடுக்கிறதில் இந்தத் தெருவில் தன்னை அடிக்க ஆள் இல்லை என்றார். முகம் கொஞ்சம் தெளிந்தது. பம்பைக் கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்தார்.

மணி பன்னிரண்டு ஆனது. இரண்டு ஆனது. மேற்கே மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து ஒரு மழையும் பெய்து ஓய்ந்தது. ஈர ரோடு என்றால் சறுக்குமே. ஏசம்மாள் தெருமுனைக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தாள். தூரத்தில் ஏதோ சத்தம் கேட்டது. அது பஸ். இன்னொரு சத்தம் கேட்டது. அதுவும் வேறு எதுவோ. அவளுக்கு அழுகை முட்டியது.

நாலு மணிக்கு வண்டி வந்தது.

ஏசம்மாள் ஓடிப் போய் அம்மாவின் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள். புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. கட்டுகூட அவிழவில்லை. அதுவரை அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது.

"ஏன் அழுவுதே? வெள்ளத்தாய்க்குப் பொம்பளப்புள்ள பெறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ," என்று அம்மா அவளை அணைத்துக்கொண்டாள். வருகிற வழியில் மழையில் நனைந்த அதே கண்மாய்க்கரைத் திருப்பத்தில், திடீரென்று ஆட்டுக் கூட்டம் குறுக்கே வந்துவிட்டதாம். அப்பா பிரேக்கை மிதித்ததும் அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாளாம். திறந்து பார்த்தால் வண்டி ஆட்டுக்கு ஒரு முழம் முன்னால் நேராக நின்றதாம்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். போகும்போது அவர் சும்மா போகவில்லை. சந்தேகம் தீராமல், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஷெட்டில் நிறுத்திக் காற்றை அளக்கச் சொல்லியிருக்கிறார். ஹயக்ரீவன் அளக்கிற குழாயை வைத்துப் பார்த்தால் இருபத்தெட்டு பவுண்டு. இரண்டு பேர் போகிற வண்டிக்கு அதுதான் அளவு, இனி டயர் சீராகத் தேயும், பார்த்து ஓட்டினால் மனுவுக்குப் பதில் வரும் வரைக்கும் தாங்கும் என்றாராம்.

"எந்த மிஷின்ல வச்சு அளந்தியன்னு கேட்டாரு," என்றார் அப்பா. "சாக்பீஸ்ல அளந்தோம்னேன். நம்ப மாட்டேங்கிறாரு. அடுத்த வாரம் உன்னையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு. அவிய பஸ்ஸுக்கு அளக்கணுமாம்."

வெளியே தவசிமுத்து மாமா அதற்குள் வண்டியின் பின்னால் குத்தவைத்துவிட்டார். அந்த வழியாகப் போன இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எப்படி முள் எடுக்க வேண்டும் என்று பெரிய வாத்தியார் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா சோளச்சோற்றைச் சுடவைத்துத் தட்டில் போட்டாள். காலையிலிருந்து பட்டினி கிடந்த ஏசம்மாள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டு முடித்து, மூன்றாவது முறையும் தட்டை நீட்டினாள்.