பெட்டி இல்லாத மூடி

நஸீஹாவின் அத்தா நாகூர் மீரானுக்கு ஒரு பலவீனம் உண்டு. கைபேசியில் எதையாவது மலிவாகப் பார்த்துவிட்டால் அவர் விரல் சும்மா இருக்காது.

அப்படி வாங்கிய ஹாரன் ஒன்று, அழுத்தினால் வாத்து மாதிரி கத்தியது. வைப்பர் ஒன்று, முதல் மழைக்கே கழன்று பின்னால் வந்த லாரியில் போய் ஒட்டிக்கொண்டது. "தபால் செலவே இல்ல ரொஸ்னா!" என்று அம்மாவிடம் அவர் பெருமையாகச் சொன்னது மட்டும்தான் மிச்சம்.

இதையெல்லாம் சரிசெய்து கொடுத்தவர் ஜெயராஜ் மாமா. ஜெலுத்தோங்கில் கார் பட்டறை வைத்திருக்கிறார். அத்தாவும் அவரும் ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

சனிக்கிழமை வந்தால் அத்தா தங்கள் பழைய நீலக் காரில் (அவர்கள் பேச்சில் அது 'காடி') நஸீஹாவை ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுவார். காடியில் கோளாறு இருக்க வேண்டும் என்பதில்லை. பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஏதோ ஒரு வேனிலிருந்து கழற்றிய இருக்கை சுவரோரம் கிடக்கும். நஸீஹா அதில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய, பால் சேர்க்காத தே ஓ ஐஸ் தேநீரை உறிஞ்சியபடி அவர்கள் பேச்சைக் கேட்பாள். பள்ளிக்கூடத்தில் யார் யார் அடி வாங்கினார்கள் என்ற கதையை அவர்கள் நூறு தடவை சொல்லியிருப்பார்கள். நூறு தடவையும் சிரிப்பார்கள்.

அதெல்லாம் நின்று இரண்டு மாதம் ஆகிவிட்டது. நஸீஹாவுக்கு அந்தக் கிழிந்த இருக்கையும் எண்ணெய் வாசனையும்கூட ஏக்கமாக இருந்தன. மாமாவின் சிரிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நடந்தது இதுதான். காடியில் தண்ணீர் பம்ப் ஒழுகியது. மாமா புது பம்ப் மாட்டினார். "ஒரிஜினல் சாமான்டா. கொஞ்சம் விலை கூடத்தான். ஆனா பத்து வருசம் பேசாம ஓடும்" என்றார். அத்தாவும் நண்பனை நம்பி முழு விலையைக் கொடுத்தார்.

அடுத்த வாரமே, ஆயர் ஈத்தாமில் ஒரு கல்யாண விருந்துக்குப் போகும் வழியில், காடி கொதித்து நடுரோட்டில் நின்றுவிட்டது. புதுச் சட்டையும் அத்தருமாக அத்தா புகைக்குள் நின்றார். போகிறவர் வருகிறவரெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அத்தா காடியை அங்கேயே விட்டுவிட்டு, நஸீஹாவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பட்டறைக்குப் போனார். முக்கால் மணி நேரப் பயணத்திலும் அவர் கோபம் ஆறவில்லை. வாடிக்கையாளர்கள் ஐந்தாறு பேர் முன்னால் கத்தினார்.

"லோக்கல் பம்ப்ப மாட்டிட்டு ஒரிஜினல் விலை வாங்கிட்டியாடா? என்கிட்டயே இப்படியா?"

மாமா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"காடிய எடுத்துட்டு வா மீரான். நான் பாக்குறேன்" என்று மட்டும் சொன்னார்.

"இனிமே என் காடிய நீ தொடாத!" என்று அத்தா திரும்பிவிட்டார்.

அதன் பிறகு வேறு பட்டறைக்கும் போகவில்லை. ஐந்து புட்டியில் தண்ணீர் நிரப்பிப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டார். எங்கே போனாலும் வழியில் நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து தண்ணீர் ஊற்றினார். நஸீஹாவும் புட்டிகளுக்கு நடுவே ஒரு புட்டி மாதிரி உட்கார்ந்து போனாள்.

ஒரு சனிக்கிழமை மாலை. வெளியே மழை. பால்கனியில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்து அம்மா முகம் சுளித்தார்.

"உங்கத்தாதான் அந்தப் பட்டறைக்குப் போறதில்லையே. இந்தக் குப்பைய எல்லாம் தூக்கிப் போடப் போறேன்."

"வேணாம்மா! நான் ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்றாள் நஸீஹா.

அவை மாமா கொடுத்த பெட்டிகள். மாமாவுக்கு ஒரு பழக்கம். புதுச் சாமான் மாட்டினால், கழற்றிய பழையதை அந்தப் புதுப் பெட்டிக்குள்ளேயே வைத்து, மேலே கறுப்பு மையில் பெயரும் தேதியும் எழுதி வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவார். "கண்ணால பாத்துக்குங்க. மாத்துனேனா இல்லயான்னு நாளைக்குச் சந்தேகம் வரக்கூடாது பாருங்க" என்பார்.

நஸீஹா பெட்டிகளை ஹாலுக்குக் கொண்டுவந்து தரையில் பரப்பினாள். வெறுமனே அடுக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் காடியில் அது இருக்கும் இடத்தில் வைத்தாள். விளக்குப் பெட்டிகள் முன்னால். பிரேக் பெட்டிகள் நான்கு மூலையில். பேட்டரிக்குப் பெட்டி இல்லாததால் ரசீதை வைத்தாள். தண்ணீர் பம்ப் பெட்டி முன்பக்கம் நடுவில். உள்ளே பழைய பம்ப் துருப்பிடித்துக் கிடந்தது.

சற்று நேரத்தில் ஹால் நடுவே ஒரு அட்டைக் காடி நின்றது. பத்து வருடத்தில் மாற்றிய சாமான் எல்லாம் அதில் இருந்தது.

எல்லாமுமா?

அவள் மனசுக்குள் போனட்டைத் திறந்து பார்த்தாள். ரேடியேட்டர்மேல் பளபளவென்று ஒரு சிவப்பு மூடி இருக்குமே, அது புதியதுதானே? அதற்கு ஏன் பெட்டி இல்லை?

"அம்மா, ரேடியேட்டர் மூடி எப்ப மாத்துனது?"

"அதுவா? பம்ப் மாட்டுன அன்னிக்கு, ரப்பர் தேஞ்சிருச்சு, அடுத்த வாரம் ஒரிஜினல் வாங்கிப் போடுறேன்னு ஜெயராஜ் அண்ணன் சொன்னாரு. உங்கத்தாவுக்குப் பொறுக்கல. ஃபோன்ல மூணு மூடி பத்து வெள்ளின்னு வாங்கி, தானே மாட்டிக்கிட்டாரு. மிச்சம் ரெண்டும் அந்த இழுப்பறையிலதான் கெடக்கு."

இழுப்பறையில் இரண்டு சிவப்பு மூடிகள் இருந்தன. கூடவே பழைய மூடியும் இருந்தது. நஸீஹா சிவப்பு மூடியைத் திருப்பி, அதன் ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அமுக்கினாள். பஞ்சு மாதிரி உள்ளே போனது. பழைய மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. ஆனால் அதன் ஸ்பிரிங் இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கிப் பார்த்தும் அசையவில்லை.

ரேடியேட்டர் மூடி இறுக்கிப் பிடிக்காவிட்டால் தண்ணீர் கொதித்து வெளியே ஓடிவிடும் என்று மாமா பட்டறையில் யாருக்கோ சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. பம்ப் சரியாகத்தான் இருக்கிறது. மாமா ஏமாற்றவில்லை!

அத்தா வெளியிலிருந்து வந்ததும், "நீங்க வாங்குன மூடியாலதான் எல்லாம்!" என்று சொல்ல அவள் வாய்வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள். சிவப்பு மூடி ஒன்றையும் பழைய மூடியையும் அவர் கையில் வைத்தாள்.

"அத்தா, இதையும் இதையும் அமுக்கிப் பாருங்களேன்."

அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். தரையில் கிடந்த பெட்டிகளைப் பார்த்தார். அப்படியே அட்டைக் காடிக்குள், ஓட்டுநர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அலாமாக்..." என்றார் மெதுவாக. "அவனப் போயி எல்லார் முன்னாலயும்..."

மூடிகளைத் தரையில் வைத்தார். "சரி விடு. நாளைக்கு டவுன்ல ஒரிஜினல் மூடி வாங்கி மாட்டிடுவோம். காடி சரியாயிடும்."

"காடி சரியாயிடும் அத்தா. மாமா?"

 அன்று அத்தாவுக்குச் சோறும் சரியாக இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. பட்டறை அரை நாள்தான் திறந்திருக்கும். தண்ணீர் ஊற்றி ஊற்றிப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அத்தா காடியை விட்டு இறங்கவே இல்லை.

"கூட்டமா இருக்குலா. எல்லாரும் போகட்டும்."

"அன்னிக்கும் கூட்டமாத்தான் அத்தா இருந்துச்சு" என்றாள் நஸீஹா.

அத்தா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இறங்கி நேரே உள்ளே போனார். காது கேட்காதவர் மாதிரி உரக்கப் பேசினார்.

"ஜெயா! பம்ப் நல்லாத்தான்டா இருக்கு. இந்தக் கழிசடை மூடிய வாங்கி மாட்டுனது நான். தப்பு என்மேலதான். எல்லார் முன்னாலயும் உன்னப் பேசுனேன், எல்லார் முன்னாலயும் சொல்றேன். மன்னிச்சிக்கடா."

 மாமா கையைத் துடைத்துக்கொண்டு சிவப்பு மூடியை வாங்கினார். ஒரு விரலால் அமுக்கினார்.

"இது தண்ணிய எங்க புடிச்சு வைக்கும்? எல்லாம் கொதிச்சு வெளிய ஓடியிருக்கும்." மூடியை மேசைமேல் போட்டார். "ரெண்டு மாசமா நான்தான் பம்ப்ப ஒழுங்கா மாட்டலயோன்னு நெனச்சு நெனச்சுத் தவிச்சுட்டேன்டா. ஒரு நாள் சிக்னல்ல நீ புட்டிய வச்சிக்கிட்டு நிக்கிறதப் பாத்தேன். கூப்பிட வாய் வரல."

"நானும் உன்னப் பாத்தேன். பாக்காத மாதிரி நின்னேன்" என்றார் அத்தா.

இருவர் கண்ணும் கலங்கியிருந்தது. நஸீஹாவுக்கும்தான். அவள் எண்ணெய் டின்களைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள்.

மாமா ஒரிஜினல் மூடியை மாட்டினார். கதவைத் திறந்து முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "கடைய வேலைக்கு இருக்குற தம்பி பாத்துக்குவான். ஆயர் ஈத்தாம் மேடு ஏறிப் பாத்தாத்தான் தெரியும். ஓட்டு."

பின் இருக்கையின் நடுவில் உட்கார்ந்து, நஸீஹா சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். மேடு வந்தது. காடி முக்கி முனகி ஏறியது. முள் பாதியைத் தாண்டவில்லை.

"அத்தா! மாமா! முள்ளு ஏறவே இல்ல!"

முன்னால் இருந்த இருவர் காதிலும் அது விழவில்லை.

"மேல போயி லக்சா சாப்பிடுவோம், நான்தான் வாங்கித் தருவேன். தப்பு பண்ணுனது நான்லா."

"நீயா? மலிவாக் கெடைக்குதுன்னு மீன் போடாத லக்சாவ வாங்கித் தருவ!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நஸீஹா முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டு இருக்கையில் சாய்ந்துகொண்டாள். அவர்களுக்கு இரண்டு மாதப் பேச்சு மிச்சம் இருந்தது.