பால் ஒத்துக்கல்ல

"பால் ஒத்துக்கல்ல" என்றது லீதியாளின் மணிக்கட்டில் இருந்த தோலுரைஞன்.

குலசேகரத்தில் இப்போது எல்லோர் கையிலும் அது உண்டு. தோலின் கலக்கத்தைப் படித்து, உடம்புக்கு ஆகாததை அந்தந்த ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவிடும். மருத்துவர்கள் தோலைப் பார்ப்பதையே விட்டிருந்தார்கள்.

அவள் பாலை விட்டு மாதங்கள் ஆயின. கட்டன்சாயாதான். ஆனாலும் வயிற்றில் இன்சுலின் போட்ட இடமெல்லாம் தடித்துச் சிவந்து அரித்தது. பயந்துபோய் ஊசியைத் தவிர்க்கத் தொடங்கினாள். சர்க்கரை ஏறிப் பார்வை மங்கியது.

"ஒளிச்சு வச்சு பால் குடிக்கியாட்டீ?" என்றான் கணவன் ஏசுவடியான். விளையாட்டுதான். அவளுக்கோ சுருக்கென்றது. உறக்கத்தில் எழுந்து குடிக்கிறேனோ? உடம்பு பொய் சொல்லாது என்றால், பொய் சொல்வது நான்தானே?

அன்று மனதைத் தேற்றிக்கொண்டு மருந்துக் குப்பியின் மூடியில் ஊசியைக் குத்தினாள். ரப்பர் வெட்டிவிட்டு வந்த ஏசுவடியான் வாளியை இறக்கினான்.

"இண்ணைக்கு பாலு கொறவாக்கும்."

அவள் கை நின்றது. "எந்தப் பாலு?"

"எந்தப் பாலா? மரத்துக்க பாலுதான். கேக்கியதப் பாரு!"

"இந்த மூடி எதுல செஞ்சது?"

அவன் வாங்கி நகத்தால் அழுத்திப் பார்த்தான். "எனக்க கர்த்தாவே... ரப்பராக்கும்."

மருத்துவர் ஷாமிலா ரப்பர் மூடியில்லாத மருந்தை வரவழைத்து, தன் கண்முன்னே போடச் சொன்னார். தோல் சும்மா இருந்தது. அந்த இடத்தை லீதியாள் தடவித் தடவிப் பார்த்தாள். பிழைத்துக்கொண்டோம் என்பதைவிட, தன்னைத் தானே நம்பலாம் என்பதுதான் அவளை அழவைத்தது.

தோலுரைஞனைச் செய்த நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. குழப்பம் தரும் ஊர்ச்சொற்களை நீக்கிவிட்டு, துல்லியமான அறிவியல் சொற்களைப் புகுத்தியது.

சில நாளில் பக்கத்து வீட்டு றோஸிலி, மீன் கழுவிய ரப்பர் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள்.

"லீதியா, எனக்கு மரவழிப் புரதம் ஆகாதாம்! மரச்சீனிக் கெழங்கு தின்னாம நான் எப்பிடி ஜீவிப்பேன் பிள்ளே?"

லீதியாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. றோஸிலியின் கையைப் பிடித்துக் கையுறையை உருவினாள். அது முடிந்த கோடு வரைக்கும் தோல் சிவந்திருந்தது.

"மரச்சீனிய நல்லா தின்னு. இதத் தூரக் களை."