எங்கே பிடித்தால் உடையாது?

"அம்மா, என்னை எங்க பிடிச்சா உடையாது?"

மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. தொடையில் மாவுக்கட்டு, கையில் பாதி தின்ற பிஸ்கட். அதற்குள் பதினோரு முறிவுகளைப் பார்த்துவிட்ட தாய்க்குப் பதில் தெரிந்திருந்தது. எந்தப் புத்தகமும் சொல்லித் தராததை அவளுடைய கைகளே கற்றுக்கொண்டிருந்தன. அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. காலைப் பிடித்து உயர்த்தக் கூடாது. ஒரு கை முதுகுக்கும் பிடரிக்கும் அடியில், மறு கை இடுப்புக்கு அடியில். விரல்களை நன்றாக விரித்து, விளிம்புவரை தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைத் தூக்குவதுபோலத் தூக்க வேண்டும்.

"இப்படிப் பிடிச்சா உடையாதுடா தங்கம்" என்று தூக்கிக் காட்டினாள்.

பதினாறு ஆண்டுகள் ஓடிவிட்டன. அப்படித் தூக்கத் தெரிந்த கைகளில், அவள் மூத்த மருமகளாக வாழும் அந்த வீட்டில் வேறு எந்தக் குழந்தையையும் யாரும் கொடுத்ததில்லை.

அன்று காலையும் அப்படித்தான். கொழுந்தனுக்குப் பிறந்த நாற்பது நாள் குழந்தை, கூடத்துச் சக்கரத் தொட்டிலில் வீறிட்டு அழுதது. அதைப் பெற்றவள் குளிக்கப் போயிருந்தாள். மூத்த மருமகள் அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிவந்தவள், தொட்டிலுக்கு இரண்டடி முன்னால் தானாக நின்றுவிட்டாள். கால்கள் அதற்குப் பழகியிருந்தன.

மாமியாருக்குக் காது மந்தம். வாசல் மணி அடித்தால் கேட்காது. குழந்தை அழுவது மட்டும் எப்படியோ கேட்டுவிடும். வளைந்த முதுகோடு விரைந்து வந்தாள்.

"நில்லும்மா... நான் தூக்கிக்கறேன். குத்தம் சொல்றேன்னு நினைக்காத. பெத்த பொண்ணோட காலே உன் கையில முறிஞ்சுது. எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான்."

மருமகள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். இருபத்தோரு வயது, நான்கு அடி உயரம், நாற்காலியில் சாய்த்து வைத்த ஊன்றுகோல். வரைபடம் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை. சித்தப்பா அவளுக்கு வைத்த செல்லப் பெயர் பீங்கான்.

"பாட்டி, அந்தக் கைதான் என்னை இத்தனை வருஷமாத் தூக்கிட்டிருக்கு. அங்கங்க விரிசல் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா காப்பி ஊத்தினா ஒழுகாது."

சித்தப்பா சிரித்தார். அவளுடைய அப்பா செய்தித்தாளுக்குள் முகத்தை இன்னும் கொஞ்சம் புதைத்துக்கொண்டார். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் அவருக்கு வாய்த்த ஒரே மறைவிடம் அது.

நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. இந்த வீட்டின் கடைக்குட்டியான அவள் இப்போது எலும்பு நோய்களின் மரபணுவை ஆராய்கிறவள். ஆறு மாதங்களுக்கு முன்பு தாளில் வட்டமும் சதுரமுமாகக் குடும்பத்து வம்ச வரைபடம் போட்டு, பெரியவர்கள் எல்லோரையும் இரத்தம் கொடுக்க வைத்தாள். சின்னது பிறந்த அன்று அதனுடையதையும் எடுத்தாயிற்று. சொந்தக் குடும்பத்தின் இரத்தத்தைத் தானே பரிசோதிக்கக் கூடாது என்பது அவர்கள் ஆய்வுக்கூடத்து விதி. எண் மட்டும் ஒட்டிய குழாய்களாக அவை வேறொருவர் மேசைக்குப் போயின. முடிவுகள் வந்த உறைகளோடு முந்தின நாள் மாலைதான் அவள் வந்திருந்தாள்.

உறைகளோடு ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டும் வந்திருந்தது. ஆய்வுக்காக அவள் வாங்கிப்போயிருந்த அண்ணியின் நோட்டு. எந்தத் தேதியில், எந்த எலும்பு, என்ன செய்யும்போது முறிந்தது என்று மகள் பிறந்ததிலிருந்து எழுதி வந்தது. மகளின் எட்டாவது வயதில் புது மருந்து தொடங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு தேதிகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. மூன்று மாதம் எட்டு மாதமாயிற்று, பிறகு இரண்டு வருடம். கடைசி முறிவுக்குப் பிறகு நான்கு வருடமாக அந்த நோட்டில் எழுத வேலையே இல்லை. அதைப் பார்த்துத்தான் நாத்தனார் நாற்பது தாய்மார்களிடம் இப்படி நோட்டுப் போடச் சொல்லி, மருந்தின் பலனை அளந்துகொண்டிருக்கிறாள்.

"அண்ணி, கொஞ்சம் உக்காருங்க" என்றாள். "இந்த நோட்டுல முப்பத்தோரு வரி இருக்கு. முப்பதை ஆய்வுல சேத்துட்டேன். முதல் வரியை மட்டும் சேக்க முடியல. அது பொய்."

மூத்த மருமகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள்.

நாத்தனார் உரக்கப் படித்தாள். "இரண்டாம் மாதம். இடது தொடை. என் கை தவறியது." பிறகு தாயின் பக்கம் திரும்பி, அவளுக்குக் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"அம்மா, அப்ப அண்ணி அந்த ரூம்லயே இல்ல. மாடியில துணி காயப் போட்டுட்டிருந்தாங்க. துணி மாத்தறதுக்காக ரெண்டு காலையும் சேத்துப் பிடிச்சுத் தூக்கினது நான். சடக்குன்னு ஒரு சத்தம். எனக்குப் பதினாறு வயசு, அடுத்த வாரம் பரீட்சை. நடுங்கிட்டு நின்னேன். ஓடிவந்து என்னைப் பாத்தாங்க, குழந்தையைப் பாத்தாங்க. நீ உள்ள வந்து கேட்டதும், என் கைதான் அத்தைன்னு சொல்லிட்டாங்க."

செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது.

"ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் சொல்லிடலாம்னு இருந்தேன். இருபத்தோரு வருஷம் போயிடுச்சு... நல்ல எலும்புன்னா அப்படித் தூக்கினா ஒண்ணும் ஆகாது. எல்லாரும் அப்படித்தான் தூக்கறோம். அந்த எலும்புக்கு அதுவே அதிகம். அது என் தப்பும் இல்ல, அண்ணி தப்பும் இல்ல. ஆனா பழியை மட்டும் அவங்க சுமந்தாங்க."

அவள் எழுந்து வந்து அண்ணியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மூத்த மருமகள் அவள் தலையைத் தடவினாள்.

"எழுந்திரும்மா. அன்னைக்கு உண்மை வெளிய வந்திருந்தா, அப்புறம் நீ எந்தக் குழந்தையையும் தொட்டே இருக்க மாட்ட. இப்ப எத்தனை குழந்தைங்க உன்னால நடக்குது... கடவுள் எனக்கு ஒண்ணும் குறை வைக்கல."

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். தினமும் விளக்கை அணைக்கும் முன், இன்றைக்கு எதுவும் உடையவில்லை, நன்றி என்று இறைவனிடம் சொல்வது அவள் வழக்கம். நான்கு வருடமாக ஒருநாளும் அந்த நன்றி தப்பவில்லை.

நாத்தனார் உறைகளை எடுத்துக்கொண்டு, தாயை அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். அரைமணி நேரம் கழித்து, கொழுந்தனும் அவர் மனைவியான ஓரகத்தியும் உள்ளே போனார்கள். ஓரகத்தி சிவந்த கண்களோடு வெளியே வந்து, "அக்கா, அப்புறம் சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள். குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு இருவரும் மருத்துவரைப் பார்த்துப் பேச நாத்தனாரோடு மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள். மகளை அலுவலகத்தில் விட அவளுடைய அப்பாவும் புறப்பட்டார். வாசலில் செருப்பை மாட்டியவர் திரும்பி வந்து, மனைவி முன்னால் ஒரு நிமிடம் நின்றார். "நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கணும்" என்றார். செய்தித்தாளை அன்று கையில் எடுத்துப்போகவில்லை.

வீடு அமைதியாயிற்று. மூத்த மருமகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் நிழல் விழுந்தது. மாமியார் நின்றிருந்தாள். தொட்டிலை உருட்டிக்கொண்டே சமையலறை வாசல்வரை வந்துவிட்டாள்.

"என்கிட்டேர்ந்துதான் வந்திருக்காம்" என்றாள். "இந்தக் கூனு, காது, ரெண்டு தடவை முறிஞ்ச மணிக்கட்டு... எல்லாம் வயசுக் கோளாறுன்னு நினைச்சேன். எனக்கு லேசா வந்து, என் பசங்க வழியா உன் பொண்ணுக்குப் போயிருக்கு. இந்தக் குஞ்சுக்கும் இருக்காம். உங்க வீட்டு ரத்தம்னு உன்னைச் சொல்லாத நாளில்ல."

"விடுங்க அத்தை. யாரும் கேட்டு வாங்கிட்டு வரல. இப்பதான் மருந்து இருக்கே."

"மருந்து இருக்கு. தூக்க ஆளு வேணுமே. எனக்குக் கை நடுங்குது." கிழவி தொட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எங்க பிடிச்சா உடையாதுன்னு உனக்குத்தான் தெரியும். காட்டு."

மருமகள் கையைக் கழுவித் துடைத்தாள். தொட்டிலுக்கு இரண்டடி முன்னால் கால்கள் நின்றன. மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்து அந்த இரண்டடியையும் நடத்தினாள்.

ஒரு கை முதுகுக்கும் பிடரிக்கும் அடியில், மறு கை இடுப்புக்கு அடியில், விரல்கள் விரிந்து. குழந்தை தூக்கம் கலையாமல் மேலே வந்தது. மாமியார் குனிந்து அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு தேய்க்காமல் கிடந்த பாத்திரங்கள் முன்னால் போய் உட்கார்ந்து, அவற்றை ஒவ்வொன்றாகத் தேய்க்கத் தொடங்கினாள்.

மற்றவர்கள் திரும்பி வருவதற்குள் பாத்திரங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. இருவரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.