இடது பெடல்

இறுதியாண்டுத் திட்டங்களின் மதிப்பீடு பதினொரு மணிக்கு. ஒன்பதே காலுக்கே புகார் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டது.

கொண்டுவந்தவன் இயந்திரவியல் வகுப்பின் முதல் ரேங்க். ஏழு பருவங்களாக அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காததால் அவனுக்குப் பெயரே அதுவாகிவிட்டது. வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடியே பட்டறைக் கண்காணிப்பாளர் அம்மாவிடம் முறையிட்டான். மிதித்தால் தண்ணீர் இறைக்கும் சைக்கிள் பம்பு ஒன்றை அவனுடைய குழு செய்திருந்தது. அதை யாரோ பாழாக்கிவிட்டார்களாம். யாரோ என்ன யாரோ, சைக்கிள் கடைக்காரர் மகள்தானாம். அவளும் தனியாக ஒரு பம்பு செய்திருக்கிறாள்.

விஷயம் தெளியும்வரை அவள் மதிப்பீட்டுக்கு வரக்கூடாது என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். இன்று வராவிட்டால் இந்த ஆண்டு பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் அவள் பையில் மடித்து வைத்திருக்கும் வேலைக் கடிதம் வெறும் காகிதம்.

அம்மா டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். கல்லூரி முழுக்க 'அவசரம்' என்று பெயர்பெற்ற உதவியாளர் அதற்குள் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

பம்பில் வலது பெடலைக் காணோம். இடது பெடல் இருந்தது. ஆனால் ஸ்பானர் பிடிக்கும் அதன் முனைகள் மழுங்கிப்போயிருந்தன. பெடலைத் தாங்கும் பளபளப்பான அலுமினியக் கிராங்கின் ஓரத்தில் பழுப்பாக ஒரு சின்னக் கறை.

"துரு, மேடம்," என்று தீர்ப்புச் சொன்னார் அவசரம். அம்மா குனிந்து கறையை உற்றுப் பார்த்தார்.

பத்து மணிக்கு எல்லோரையும் தன் பழைய சைக்கிளைச் சுற்றி நிற்கவைத்தார். முதல் ரேங்க், அவன் குழுவின் இரண்டு தோழர்கள், அழுது முகம் வீங்கிய சைக்கிள் கடைக்காரர் மகள், கடிகாரத்தையே பார்க்கும் துறைத்தலைவர்.

"இதோட இடது பெடலைக் கழட்டணும். ஒவ்வொருத்தரா வாங்க."

தோழர்கள் இருவரும் ஒருவர் பின் ஒருவராக மூச்சுப்பிடித்துத் திருகினார்கள். பெடல் அசையவில்லை. அவள் யோசிக்கக்கூட இல்லை. ஸ்பானரை எதிர்ப்பக்கமாகத் தள்ளினாள். பெடல் கையோடு வந்தது.

"இடது பெடலுக்கு மட்டும் திருகு மரை எதிர்ப்பக்கம் மேடம். எங்க கடையில அஞ்சு வயசுலயே சொல்லிக் குடுத்தாங்க."

மரைகளைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் எடுக்கும் துறைத்தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பம்புல கைவச்ச ஆளுக்கு இது தெரியாது," என்றார் அம்மா. "வலது பெடல் சுலபமா வந்துடுச்சு. இடதையும் அதே மாதிரி திருகினா இன்னும்தான் இறுகும். அதனாலதான் முனை மழுங்கிப்போச்சு."

"தெரியாத மாதிரி நடிச்சிருக்கலாமே மேடம்?" என்று கேட்டார் அவசரம்.

"நடிக்கலாம். ரத்தம் சிந்தியா நடிப்பாங்க? அலுமினியம் எங்கய்யா துருப்பிடிக்கும்? ஸ்பானர் வழுக்கி, கை போய்க் கிராங்குல இடிச்சிருக்கு. இவ கையில ஒரு கீறல் இல்ல. காலையிலேருந்து பையை விட்டு வெளியே வராத கை ஒண்ணுதான் பாக்கி. உன் முறை தம்பி. வலது கையால பிடி."

முதல் ரேங்க் பையிலிருந்து கையை மெல்ல எடுத்தான். வெளியே வந்த கையில், விரல் முட்டிகளில் இரண்டு பிளாஸ்டர்கள்.

பிறகு எல்லாம் தானாகவே வந்தது. மூன்று மீட்டர் உயரத்துக்கு இறைக்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தான். நேற்றைய சோதனையில் தண்ணீர் இரண்டைத் தாண்டவில்லை. கணக்கில் பிழை. முதலிடக்காரன் எல்லோர் முன்னாலும் தோற்பதா? யாரோ உடைத்துவிட்டார்கள் என்றால் அவகாசம் கிடைக்கும். பழியைத் தூக்கிப்போட ஒரு சைக்கிள் கடை வசதியாக இருந்தது. வலது பெடல் அவன் புத்தகப் பைக்குள்ளேயே கிடந்தது.

துறைத்தலைவர் அவளிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டார். அவள் கண்காணிப்பாளர் அம்மாவின் சைக்கிள் பெடலை முதலில் பழையபடி மாட்டினாள். பிறகுதான் மதிப்பீட்டுக்கு ஓடினாள்.

பதினொரு மணிக்கு அவளுடைய பம்பை அவசரமே ஏறி மிதித்தார். குழாயில் தண்ணீர் மூன்று மீட்டரைத் தாண்டி, நான்கில் இருந்த தொட்டியை நிரப்பி வழிந்து, துறைத்தலைவரின் காலணியை நனைத்தது. அவர் நகரவில்லை. கைதட்டிக்கொண்டிருந்தார்.

காலையில் நடந்தது எதுவும் தெரியாத வெளித் தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஒரே ஒரு கேள்விம்மா. இடது பெடலுக்கு ஏன் எதிர் மரை?"

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவளும் அன்று முதன்முறையாகச் சிரித்தாள்.

"மிதிக்க மிதிக்கத் தானா கழண்டுடக் கூடாதுன்னுதான், சார்."